பாளையம் வரை வந்த நாய்

நடந்தவை, வரிசைப்படி:

1. தம்பானூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சந்தில் இருந்த பெண் நாயின் பின்னங்கால்மீது பேருந்து ஏறியது. செம்பழுப்பு நிறம். இரண்டு வயது இருக்கும்.
2. அந்தச் சந்திலுள்ள ஓட்டலின் பரோட்டா மாஸ்டர் அதை மைதா சாக்கில் சுற்றி ஆட்டோவில் மருத்துவரிடம் கொண்டுவந்தார். இடது பின்னங்காலை இடுப்போடு எடுக்க வேண்டியிருந்தது.
3. எங்கள் குழு அதை ஏற்றுக்கொண்டது. நான்கு மாதம் அதை யாரும் கேட்கவில்லை.
4. ஐந்தாம் மாதம், ஒரே வாரத்தில் இரண்டு பேர் கேட்டார்கள்.
5. இருவரில் யாருக்கு என்று முடிவு செய்தது நான்.
6. கொடுத்த இருபத்து மூன்றாம் நாள் காலை, அந்த வீட்டின் கேட் திறந்து கிடந்தது.

என் வேலை மென்பொருள்களைச் சோதிப்பது. அலுவலகத்தில் ஏதாவது பழுதாகி நின்றுபோனால் அடுத்த நாள் இப்படித்தான் எழுதி வைப்போம். நேர வரிசையில், என்ன நடந்தது என்று மட்டும். யார் செய்தது என்று எழுதும் வழக்கமில்லை. ஆளைக் குறிப்பிட்டால் எல்லோரும் மறைக்கத் தொடங்கிவிடுவார்கள் என்பது காரணம். அந்த முறைப்படி ஐந்தாவது வரியை "முடிவு செய்யப்பட்டது" என்றுதான் நான் எழுதியிருக்க வேண்டும். சில தடவை அப்படி எழுதியும் பார்த்தேன்.

எங்கள் குழுவுக்கு அலுவலகமோ பெயர்ப்பலகையோ கிடையாது. பேரூர்க்கடையில் ஒரு வீடு. அதில் இருப்பவர் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவர், எல்லோருக்கும் அவர் டீச்சர். வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாமரத்தடியில் தகரக் கூரை போட்ட ஐந்து கூடுகள் இருக்கின்றன. அடிபட்டுக் கால் எடுக்கப்பட்ட நாய்கள் காயம் ஆறும்வரை அங்கே இருக்கும். ஆறிய பிறகு தெருவில் திரும்ப விட முடியாது. மூன்று காலால் நன்றாகவே ஓடலாம், ஆனால் பிற நாய்கள் கூடி வரும்போது திரும்பி நின்று தாக்குப்பிடிக்க முடியாது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு வேண்டும். வீடு தேடுவதும் அட்டவணை வைத்துக்கொள்வதும் என் பொறுப்பு. நாய்களுக்கு நாங்கள் பெயர் வைப்பதில்லை, அது கொண்டுபோகிறவர்களின் உரிமை என்பார் டீச்சர். என் அட்டவணையில் இந்த நாய் பதினான்காவது வரி.

நான் சேர்ந்த புதிதில் கொடுத்த முதல் இரண்டு நாய்களும் திரும்பி வந்தன. ஒன்று, பளபளப்பான தரையில் வழுக்கி வழுக்கி விழுந்து, இருந்த ஒரு முன்னங்காலிலும் தோள் விலகி வந்தது. இன்னொன்றைக் கொண்டுபோனவர்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். வந்த உறவினர் ஒருவர் வாசலில் நொண்டி நாய் நிற்பது நல்லதல்ல என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை நாய் எங்கள் வாசலில் நின்றது, கழுத்தில் புதுப் பட்டையோடு.

அதன் பிறகுதான் நான் பன்னிரண்டு கேள்விகள் எழுதினேன். சொந்த வீடா, வாடகை என்றால் உரிமையாளர் சம்மதித்தாரா, மதில் உண்டா, கேட் சரியாக மூடுமா, தரை சொரசொரப்பா, எத்தனை படி, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, இப்படி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். பதினாறுக்குக் கீழே போனால் கொடுப்பதில்லை. கூடவே ஒரு விதி. கொடுத்ததிலிருந்து ஒரு மாதம், நாய்க்கு முன்பே பழக்கமான யாரும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. வீடு எங்கே என்றுகூட அவர்களிடம் சொல்லக் கூடாது. பழைய முகத்தைப் பார்த்துவிட்டால் நாய் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். டீச்சரே இதற்குக் கட்டுப்பட்டார். சில நாய்கள் போன அன்று பின்கட்டு விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருப்பார், ஆனால் போய்ப் பார்க்க மாட்டார்.

பட்டியல் வந்த பிறகு ஒன்பது நாய்கள் போயின. ஒன்றுகூடத் திரும்பவில்லை. அம்மா அந்த நாட்களில் எனக்கு வரன் தேடி அலுத்துப்போயிருந்தாள். "மனுஷப் பொண்ணுக்குப் பத்துப் பொருத்தம் மதி. உன் நாய்க்குப் பன்னெண்டு வேணும், அல்லே?" என்று மலையாளம் கலந்து கேட்பாள், மதி என்றால் போதும். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எனக்கு அந்தப் பட்டியலைப் பற்றிப் பெருமை இருந்தது.

பரோட்டா மாஸ்டர் தென்காசிப் பக்கத்துக்காரர். வயது நாற்பதுக்குள் இருக்கும். பன்னிரண்டு மணிக்கு மாவு பிசைய உட்கார்ந்தால், பிறகு கடை மூடும்வரை கல்லின் முன்னால் நிற்க வேண்டும். அதனால் காலையில் வருவார். தம்பானூரில் பஸ் ஏறி ஏழரைக்கெல்லாம் டீச்சர் வீட்டு கேட்டில் நிற்பார். வாரத்தில் நான்கு நாளாவது. இந்த ஊரில் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் எல்லோருமே அண்ணாச்சிகள்தான், டீச்சரும் அவரை அப்படியே கூப்பிட்டார். குழுவில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்தி என்பதால் அவரிடம் சொல்ல வேண்டியதெல்லாம் என் வழியாகப் போனது. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறது, என் தமிழில் மலையாளம் பாதி. மருத்துவர் சொன்ன உடற்பயிற்சியை முதல் நாள் நான் அவருக்கு விளக்கி முடித்ததும், அவர் நாயைப் பார்த்துச் சொன்னார்:

"மேடம் பேசுனதுல பாதி வெளங்குது. மீதிய நீதான் எனக்குச் சொல்லணும் புள்ள."

அந்த உடற்பயிற்சி எளிதல்ல. தினமும் பத்து நிமிடம் மணலில் நடத்த வேண்டும். டீச்சருக்கு முதுகுவலி, எனக்கு அலுவலகம். மாஸ்டர் தன் துண்டை நாயின் அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரண்டு முனைகளையும் மேலே சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அதன் உயரத்துக்குக் குனிந்து நடப்பார். "மெதுவா புள்ள, பஸ்ஸப் பிடிக்கவா போற" என்பார். நாய் விழும். அவர் தூக்க மாட்டார். துண்டைக் கொஞ்சம் இறுக்கிவிட்டு, அது தானாக எழும்வரை நிற்பார். மூன்றாம் வாரம் துண்டைத் தளர்த்தினார். ஐந்தாம் வாரம் துண்டு அவர் தோளில் கிடந்தது, நாய் அவருக்கு இரண்டடி முன்னால் நடந்துகொண்டிருந்தது. அன்று என் அட்டவணையில் "ஆதரவின்றி நடக்கிறது" என்று எழுதினேன். யார் நடக்க வைத்தது என்று எழுத அதில் கட்டம் இல்லை.

காயம் ஆறிய பிறகும் அவர் வருவதை நிறுத்தவில்லை. உப்பில்லாமல் வேகவைத்த முட்டை ஒன்றைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவார். நாய் பஸ் வரும் நேரத்துக்குக் கேட்டை நோக்கிக் காதைத் திருப்பிவைத்திருக்கும் என்று டீச்சர் சொல்வார். நான் அந்த நேரத்தில் வீட்டிலிருந்து கிளம்பியிருக்க மாட்டேன், பெரும்பாலும் பார்த்ததில்லை.

ஐந்தாம் மாதம் ஸ்ரீகார்யத்திலிருந்து ஒரு தம்பதி கேட்டார்கள். கணவருக்கு வங்கியில் வேலை, மனைவி வீட்டில் இருப்பவர். பிள்ளைகள் வெளிநாட்டில். பதினான்கு வருடம் வளர்த்த நாய் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. நானே போய்ப் பார்த்தேன். ஆள் உயர மதில், கனமான இரும்பு கேட், முற்றமெல்லாம் மணல், உள்ளே பழைய சிமென்ட் தரை. மூன்று படிகள் இருந்ததால் ஒன்று, மருத்துவர் கொஞ்சம் தூரம் என்பதால் ஒன்று குறைத்தேன். இருபத்து நான்கில் இருபத்து இரண்டு. அதுவரை எந்த வீட்டுக்கும் நான் அவ்வளவு போட்டதில்லை.

அந்த வாரமே மாஸ்டரும் கேட்டார். தம்பதியைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, எனக்கு விடுமுறை. கூட்டுக்கு வெளியே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, இந்த நாயைத் தானே கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாமா என்றார். மறுத்துவிட்டு நகர்வது சரியல்ல என்று எனக்குத் தோன்றியது. எல்லோரையும் கேட்பதுபோலவே அவரையும் கேட்பதுதான் நியாயம் என்று நினைத்தேன். கைபேசியில் பட்டியலைத் திறந்தேன்.

"சொந்த வீடா, அண்ணா?"

"ஊர்ல இருக்கு. இங்க முதலாளி குடுத்த ரூம்தான், மாடியில. ஆறு பேரு கெடக்கோம்."

"படி எத்தனை உண்டு?"

"இருவத்திரெண்டு. அதுக்கு மாடி வேண்டாம் மேடம். கீழ வெறகு போடுத ரூம் இருக்கு. முதலாளிகிட்ட கேட்டுட்டேன், செரின்னுட்டாரு."

"மதில்?"

"எதுத்தாப்புல ரோடு. அங்கிட்டு பஸ் ஸ்டாண்டு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "அத அடிச்ச பஸ்ஸும் அங்கனதான் நிக்கும்."

நான் எழுதுவதை எட்டிப் பார்த்தார்.

"முட்டையாப் போடுதீய."

"ரூல் அப்படியாக்கும் அண்ணா."

"போடுங்க, போடுங்க. பரோட்டாவுக்கு முட்டை நல்லாத்தான் இருக்கும்."

மீதிக் கேள்விகளையும் கேட்டேன். அவர் ஒவ்வொன்றுக்கும் பொய் சொல்லாமல் பதில் சொன்னார். நாய் பழக்கம் உண்டு என்பதற்கு இரண்டு, மருத்துவர் பக்கத்தில் என்பதற்கு இரண்டு, முதலாளி சம்மதித்ததற்கு இரண்டு. மொத்தம் ஆறு. அந்த இடத்தில்தான் அது காலை இழந்தது, அங்கேயே திரும்ப விட்டால் மீதியையும் இழக்கும் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். அது அவருக்குத் தெரியாததல்ல. ஸ்ரீகார்யம் என்று சொல்லாமல், நல்ல வீடு ஒன்று வந்திருப்பதை மட்டும் சொன்னேன்.

"அப்பம் கொண்டு விடும்போது நானும் வாரேன். எடத்தைப் பாத்துட்டு அப்படியே திரும்பிருதேன்."

"அது பற்றாது, முடியாது அண்ணா. ஒரு மாசம் யாரும் போகக் கூடாது. அதுக்கு உங்களை மறக்க சமயம் வேணும்."

"ஒரு மாசமா?"

"ஒரு மாசம்."

"ஒரு மாசம் கழிச்சுப் பாக்கலாமா?"

"பாக்கலாம்."

அவர் கூட்டின் கம்பிக்குள் விரலை விட்டு நாயின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "மறந்துட்டுதுன்னா நல்லதுதான்" என்றார்.

கொடுக்கும் நாள் காலையிலும் ஏழரைக்கு வந்தார். மணலில் ஒரு சுற்று நடத்தினார். நாங்கள் கிளம்புவதற்கு முன் அவர் போய்விட வேண்டும் என்று சொல்லியிருந்தோம், போய்விட்டார். போகும்போது கேட்டருகே நின்று, அதுவரை மேடம் என்று சொல்லிவந்தவர், முதல்முறையாக வேறு விதமாகக் கூப்பிட்டார்.

"நல்ல வீடுதானே, தங்கச்சி?"

நல்ல வீடு என்றேன். அது பொய் இல்லை.

கொடுத்த பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள், இருபத்தொன்றாம் நாள் நான் அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். அதற்கும் ஐந்து கேள்விகள் வைத்திருந்தேன். சாப்பிடுகிறதா, கழிவு சரியாகப் போகிறதா, தரையில் வழுக்குகிறதா, யாரையாவது கடிக்கப் போனதா, தையல் போட்ட இடத்தை நக்குகிறதா. எல்லாவற்றுக்கும் பதில் திருப்தியாக இருந்தது. சனிக்கிழமைகளில் மாஸ்டரிடமிருந்து குரல் செய்தி வரும். பின்னணியில் பாத்திரச் சத்தம். "எப்படி இருக்கு புள்ள?" என்று மட்டும் கேட்டிருப்பார். நன்றாக இருக்கிறது என்று பதில் அனுப்புவேன். மூன்றாவது சனி இன்னொரு வாக்கியமும் இருந்தது. "இன்னும் ஒம்பது நாள் இருக்கு, என்னா?"

இருபத்து மூன்றாம் நாள் அந்த வீட்டில் தேங்காய் பறிக்க ஆள் வந்தார். குலைகளை வண்டியில் ஏற்றுவதற்காகக் கேட்டை விரியத் திறந்து கல் வைத்திருக்கிறார். வீட்டம்மா உள்ளே போய் வெளியே வருவதற்குள் நாய் இல்லை. பத்து மணிக்கு எனக்கு அழைப்பு வந்தது. அழுதுகொண்டே பேசினார். அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுப் போனேன். டீச்சரும் வந்தார். ஸ்ரீகார்யத்தில் உள்ள சந்துகள் அனைத்தையும் நடந்தோம். மூன்று கால் நாய் அவ்வளவு தூரம் போகாது என்று கணக்குப் போட்டு, வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்துகொண்டு அதற்குள் தேடினோம். படத்தோடு ஒரு அறிவிப்பைக் கைபேசிக் குழுக்களில் பரப்பினோம்.

மாஸ்டருக்குச் சொல்லவில்லை.

காரணங்கள் இருந்தன. முதலாவது, அன்று மாலைக்குள் கிடைத்துவிடும் என்று நம்பினேன். இரண்டாவது, அவருக்குத் தெரிந்தால் தேட வருவார், கிடைத்தாலும் நாய் அவரைப் பார்த்துவிடும், இருபத்து மூன்று நாளும் வீணாகிவிடும். இன்னும் ஏழு நாள்தான் பாக்கி என்று உண்மையிலேயே நினைத்தேன். மூன்றாவது, எனக்கு வெட்கமாக இருந்தது. இதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

நான்கு நாட்களில் பல செய்திகள் வந்தன. பெரும்பாலும் வேறு நாய்கள். படம் கேட்டு வாங்கிச் சரிபார்த்ததில் நான்கு மிஞ்சின. எங்கள் வட்டத்துக்கு வெளியே இருந்ததால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சந்தேகப்பட்டு ஒதுக்கிவைத்திருந்தோம். நான்காம் நாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில், அலுவலகக் கணினியில் அந்த நான்கையும் வரைபடத்தில் குறித்தேன். முதல் நாள் மதியம் உள்ளூர் என்ற பகுதி, ஆட்டோ ஸ்டாண்டு. இரண்டாம் நாள் காலை கேசவதாசபுரம், ஒரு பேக்கரி வாசல். மூன்றாம் நாள் பட்டம் பகுதி, ஒரு மதிலோரம். அன்று காலை பாளையம் சந்தை, பழக்கடைகள். கோடு போட்டுப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அது தெற்கே, பெரிய சாலையைப் பிடித்து, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் வீதம் தம்பானூருக்குப் போய்க்கொண்டிருந்தது.

அங்கிருந்து நேராக ஓட்டலுக்குப் போனேன். மாஸ்டர் பெரிய பலகையில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். முழங்கைவரை மாவு. என்னைப் பார்த்ததும் ஒரு மாதம் முடிந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, முகம் மலர்ந்தது.

"அண்ணா, அது அந்த வீட்டிலேர்ந்து போயிட்டுது. நாலு நாளாச்சு."

மாவை இன்னும் இரண்டு தடவை புரட்டினார், உருட்டி ஓரமாக வைத்தார், ஈரத்துணியை எடுத்து மூடினார். அதன் பிறகுதான் வெளியே வந்தார்.

"நாலு நாளு" என்றார்.

கைபேசியில் வரைபடத்தைக் காட்டினேன். அவருக்கு அது பிடிபடவில்லை, இடங்களைச் சொல்லச் சொன்னார். ஸ்ரீகார்யம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரியும். நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, தினமும் பஸ்ஸில் பார்த்த பெயர்ப்பலகைகளை எண்ணுவதுபோல அவர் தலையாட்டிக்கொண்டு வந்தார். பாளையம் என்று சொல்லி நிறுத்தினேன்.

"அடுத்த ஸ்டாப்பு ஸ்டாச்சு. பொறவு இங்க. இங்கதான் வருது தங்கச்சி." கைகளிலிருந்த மாவைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த பிறகும் துடைத்தார். "மொத நாளே சொல்லியிருந்தா நான் போயி பாளையத்துல நின்னுருப்பேனே."

குரலை உயர்த்தவில்லை. அதன் பிறகு இன்றுவரை அதைத் திரும்பச் சொன்னதும் இல்லை.

முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தார். இருவரும் பாளையத்துக்கு ஆட்டோவில் போனோம். செய்தி அனுப்பியிருந்த பழக்கடைக்காரர் அங்கேயே இருந்தார். காலையில் கடை திறக்க வந்தபோது தள்ளுவண்டிக்கு அடியில் படுத்திருந்ததாம். ஒற்றைப் பின்னங்காலின் அடிப்பாதம் தோலுரிந்து சிவந்திருந்ததாம். தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் வைத்ததும் முழுவதும் குடித்தது, ரொட்டியைத் தொடவில்லை. சந்தையில் சத்தம் கூடியதும் எழுந்து சாலைப் பக்கம் போனது. எந்தப் பக்கம் என்று மாஸ்டர் மூன்று முறை கேட்டார். அப்போது வியாபாரம் வந்துவிட்டது, பார்க்கவில்லை என்றார் அவர், வருத்தத்தோடுதான்.

பாளையத்திலிருந்து ஓட்டலுக்கு ஒன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். நடந்தோம். பெரிய சாலையை விட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு சந்தின் வாயிலும் அவர் நின்று, "ஏ புள்ள" என்று கூப்பிட்டார். சத்தமாக அல்ல, டீச்சர் வீட்டு மணலில் கூப்பிட்ட அதே அளவில். அலுவலகம் விட்டு வந்த பெண்கள் சிலர் தங்களைத்தான் கூப்பிடுகிறாரோ என்று திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் முறைத்தாள். நான் பின்னால் போய், நாயைத் தேடுகிறோம் என்று மலையாளத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஓட்டல்வரை வந்து, சந்துக்குள்ளும் பார்த்தோம். விறகு அறையில் ஒரு பழைய சாக்கு விரித்து, பக்கத்தில் அலுமினியக் கிண்ணம் வைத்திருந்தது. எப்போது வைத்தார் என்று நான் கேட்கவில்லை. சாக்கில் தூசி படிந்திருந்தது.

பதினொரு நாள் தேடினோம். காலையில் அவர் ஸ்டாச்சுவிலிருந்து பாளையம்வரை நடப்பார், நான் அலுவலகம் போகும்முன் பாளையத்திலிருந்து பட்டம்வரை. டீச்சர் நகரில் நாய்களைப் பிடித்து வைக்கும் இடங்களிலெல்லாம் கேட்டார், சாலையோரம் இறந்து கிடப்பவற்றை அகற்றுகிறவர்களிடமும் கேட்டார். மூன்று கால் நாய் எதுவும் வரவில்லை என்றார்கள். பாளையத்துக்குப் பிறகு ஒரு செய்திகூட வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஸ்ரீகார்யம் வீட்டுக்குப் போய், தேடுவதை நிறுத்திவிட்டோம் என்று சொன்னேன். தொலைபேசியில் சொல்லும் விஷயமாகத் தோன்றவில்லை. கேட் அப்போதும் திறந்தே இருந்தது. நாய் ஒருவேளை திரும்பி வந்தால் என்று வீட்டம்மா மூடாமல் வைத்திருந்தார். தேநீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "மோளே, அது ஒரு திவசம்கூட இவிடெ இருந்திட்டில்லா" என்றார். ஒரு நாள்கூட அது இங்கே இருக்கவில்லை என்று. காலை ஏழு மணிக்கெல்லாம் கேட்டருகே போய், வெளியே பார்த்து உட்கார்ந்துவிடுமாம். எட்டு, எட்டரைவரை கூப்பிட்டாலும் வராதாம். பிறகு உள்ளே வந்து, வைத்ததைச் சாப்பிட்டு, படுத்துக்கொள்ளும். வாலாட்டும், சொன்னபடி கேட்கும், எந்தத் தொந்தரவும் இல்லை. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். சாப்பிடுகிறதா என்று கேட்டேன், ஆம் என்றார். எங்கே உட்காருகிறது என்று நான் கேட்டதில்லை.

டீச்சரும் நானும் இதைப் பற்றி இன்னும் ஒத்துப்போகவில்லை. விதி சரி, கேட்டைத் திறந்து வைத்ததுதான் தவறு, அது யாருடைய வீட்டிலும் நடக்கும் என்பது அவர் எண்ணம். ஓட்டல் சந்தில் விட்டிருந்தால் அடுத்த வாரமே இன்னொரு பேருந்து ஏறியிருக்கலாம் என்கிறார். அதை என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் மாஸ்டரை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போயிருந்தால், வாரம் ஒருமுறை காலையில் அவர் பஸ் ஏறி வந்து அந்த முற்றத்து மணலில் ஒரு சுற்று நடத்திவிட்டுப் போயிருந்தால், அது கேட்டைத் தாண்டியிருக்காது என்று நினைக்கிறேன். அந்த வீட்டம்மா மறுத்திருக்க மாட்டார். ஒன்று அந்த வீடு, இல்லையென்றால் அவர் என்றுதான் நான் மதிப்பெண் போட்டேன். இரண்டும் சேர்ந்து ஒன்றாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு மாத விதியை எடுத்துவிட்டேன். முன்பு சோறு போட்டவர் யார் என்பது இப்போது பட்டியலின் முதல் கேள்வி. அவருக்கு விருப்பம் என்றால் கொண்டு விடும்போது கூட வருகிறார். இப்படி மூன்று நாய்கள் போயின. இரண்டு நன்றாக இருக்கின்றன. மூன்றாவது, பழையவர் வந்து திரும்பும்போதெல்லாம் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, ஆறு வாரத்தில் எங்களிடமே வந்துவிட்டது. ஆகவே புதிய முறைதான் சரி என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

மாஸ்டர் அதே ஓட்டலில் இருக்கிறார். பேரூர்க்கடைக்கு வருவதில்லை. நான் தம்பானூர் பக்கம் போகும்போது உள்ளே எட்டிப் பார்ப்பேன். டீ குடிக்காமல் விடமாட்டார். ஊர் விஷயம் பேசுவோம், மகள் பத்தாம் வகுப்பு எழுதப்போவதைச் சொல்வார். நாயைப் பற்றி முதல் சில மாதம் அவர் கேட்டார், இப்போது கேட்பதில்லை. நானும் எடுப்பதில்லை. ஸ்ரீகார்யம் தம்பதி வேறு நாய் எடுக்கவில்லை.

கேட் திறந்து கிடந்த அந்தக் காலை போய் ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகின்றன. கூடுகளில் இப்போது நான்கு நாய்கள் இருக்கின்றன. இரண்டைக் கேட்டு ஆள் வந்திருக்கிறது, அடுத்த வாரம் வீடு பார்க்கப் போகிறேன். பதினான்காவது வரியில் நிலை என்ற கட்டத்தில் "காணவில்லை" என்று இருக்கிறது. அது கிடைக்கவில்லை.